தகுதி என்னும் திரை

காலங்காலமாக ஒதுக்கப்பட்டோருள் ஒருவர் உயர்பதவியொன்றை அணுகும்போதுதான் 'தகுதி' என்னும் சொல் சிலருக்கு நினைவுக்கு வருகின்றது. அதுவரை அப்பீடத்தில் அமர்ந்திருந்தோரின் தகுதியை அவர்கள் நிறுத்துப் பார்த்ததில்லை. அங்கிலிக்கன் ஐக்கியத்தின் முதற் பெண் ஆயரான பார்பரா ஹரிஸ் அம்மையாரின் வாழ்வு இதற்குத் தக்க சான்றாகும்.

1930 இல் பிலடெல்பியா நகரில் கறுப்பினக் குடும்பமொன்றிற் பிறந்தவர் அவர். மக்கள் தொடர்புத் துறையிலே உழைத்து, எண்ணெய்க் கம்பனியொன்றில் உயர்பதவி வகித்தார். ஆயினும் அவரை உருவாக்கியது அலுவலகம் மட்டுமன்று. 1965 இல் கறுப்பின மக்களின் வாக்குரிமைக்காகச் செல்மாவிலிருந்து மொன்ற்கொமரிக்கு நடந்தோருள் அவரும் ஒருவர். 1974 யூலை 29 ஆந் திகதி, திருச்சபையின் அனுமதியின்றியே பதினொரு பெண்கள் பிலடெல்பியாவிற் குருத்துவம் பெற்றபோது, ஊர்வலத்தின் முன்னே சிலுவை ஏந்திச் சென்றவரும் அவரே. அமெரிக்க எப்பிஸ்கோப்பல் திருச்சபை பெண்களுக்குக் குருத்துவத்தின் கதவைத் திறந்தது 1976 இலேதான். 1980 இல், ஐம்பதாவது வயதில், அவர் குருவானார். சிறைக் கைதிகளிடையே பணியாற்றினார். 'விற்னஸ்' சஞ்சிகையை வெளியிட்ட நிறுவனத்தை நடத்தி, இனவெறியையும் பெண்ணடிமையையும் அதிலே கண்டித்து எழுதினார்.

1988 செப்ரெம்பரில் மசாசூசெற்ஸ் மறைமாவட்டம் அவரைத் துணை ஆயராகத் தெரிவு செய்தது. உடனே எழுந்தன ஆட்சேபங்கள். பல்கலைக்கழகப் பட்டம் இல்லை என்றனர், இறையியற் கல்லூரிப் பட்டம் இல்லை என்றனர், மணமுறிவு பெற்றவர் என்றனர், தீவிரவாதி என்றனர். வலை வீசிய மீனவரை அப்போஸ்தலர் என்று போற்றும் சபையிலிருந்து பட்டச் சான்றிதழைக் கேட்கும் குரல் எழுந்தது! மணமுறிவு பெற்ற ஆண் குருமாரும் அச்சபையில் இல்லாமலில்லை. சிறைக்கூடத்திலே மனிதரின் துயரத்தைக் கேட்டறிந்த அனுபவத்தை இவர்களது தராசு நிறுக்கவேயில்லை. கொலைமிரட்டல்களும் வந்தன. 1989 பெப்ரவரி 11 ஆந் திகதி பொஸ்ரனில் அபிடேகம் நடைபெற்றபோது, குண்டு துளைக்காத அங்கியை அணியுமாறு கேட்கப்பட்ட அம்மையார் அதனை மறுத்தார். ஏறத்தாழ 8000 பேர் கூடிய அவ்வழிபாட்டின் நடுவிலும் சிலர் எழுந்து ஆட்சேபித்தனர்.

இவர்களுள் மரபின்மீது மெய்யான பற்றுக் கொண்டோரும் இருந்தனர் என்பதை நாம் மறுக்கவில்லை. ஈராயிரம் ஆண்டு வழக்கத்தை மாற்றலாமா என்பது அவர்தம் வினா. அவ்வினாவுக்கு வரலாறே விடை கூறுகின்றது. யப்பானியப் போரின்போது மக்காவோவுக்குக் குருமார் செல்ல முடியாதிருந்த வேளையில், ஹொங்கொங் ஆயர் ரொனால்ட் ஹோல், 1944 இல் புளோரன்ஸ் லீ ரிம்-ஒய் என்ற சீனப் பெண்ணைக் குருவாக்கினார். போர் முடிந்தது, மரபு விழித்துக்கொண்டது. எழுந்த நெருக்குதலால் 1946 இல் அவர் தம் குருத்துவப் பணியுரிமையைக் கைவிட நேர்ந்தது. ஆபத்துக் காலத்தில் வளைந்துகொடுத்து, அமைதிக் காலத்தில் இறுகும் மரபை நாம் எங்ஙனம் தெய்வக்கட்டளை என்று கொள்வது? அந்த மூதாட்டியும் 1989 இல் பொஸ்ரன் வழிபாட்டிலே பங்குகொண்டார் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

திருச்சபைப் பீடத்தில் எவர் அமர்ந்தாலும் நமக்கென்ன என்று முற்போக்காளர் சிலர் கேட்கக்கூடும். அது குறுகிய நோக்கு. கோடிக்கணக்கான மக்களின் பிறப்பிலும் மணத்திலும் இறப்பிலும் உடன்நிற்கும் நிறுவனம் அது. பெண் அங்கே தலைமை தாங்கத் தகாதவள் என்று கற்பிக்கப்படுமாயின், அப்பாடம் ஆலயவாசலோடு நின்றுவிடாது. வீட்டுக்கும் தொழிற்சாலைக்கும் உடன்செல்லும்.

ஒரு பெண் பீடமேறியதால் யாவும் தீர்ந்துவிட்டதென மகிழ்வதும் பேதைமை. பொஸ்ரனில் நிகழ்ந்தது இங்கிலாந்துத் திருச்சபையில் நிகழ மேலும் 26 ஆண்டுகள் சென்றன. அங்கே முதற் பெண் ஆயர் 2015 இலேயே அபிடேகம் பெற்றார். அப்போதும், பெண் ஆயரை ஏற்க மனமில்லாத பங்குகள் ஆண் ஆயரொருவரின் பராமரிப்பைக் கேட்டுப் பெறுவதற்கு வழிசெய்து வைத்தனர். ஆண் ஆயரை அவர் ஆண் என்பதற்காக மறுக்கும் பங்குக்கு இத்தகைய சலுகை உண்டா? முன்னர் தாதியாகப் பணிபுரிந்த சேரா முலாலி அம்மையார் 2025 ஒக்ரோபரில் கன்ரபெரிப் பேராயராகப் பெயர் குறிக்கப்பட்டபோதும் எதிர்ப்புக் குரல் ஓயவில்லை.

ஹரிஸ் அம்மையார் 2002 இல் ஓய்வு பெற்று, 2020 மார்ச் 13 ஆந் திகதி மறைந்தார். அவருக்குச் செலுத்தத்தக்க அஞ்சலி புகழுரையன்று. எந்த மன்றத்திலாயினும், எந்தப் பெண்ணுக்கு எதிராயினும் 'தகுதி' என்னும் சொல் எழுப்பப்படும்போது, அதே கேள்வி அவளுக்கு முன்னிருந்த ஆடவரிடம் கேட்கப்பட்டதா என்று நாம் எழுந்து வினவுவோமாக.