வேலை முழுநேரம், ஊதியம் பகுதிநேரம்

அமைய ஊழியர், பதிலீட்டு ஊழியர், தொண்டர் ஆசிரியர் எனப் பல பெயர் சூட்டி, அரைகுறை ஊதியத்தில் அரசாங்கம் வைத்திருக்கும் தொழிலாளரை முழுநேர நிரந்தரச் சேவையில் அமர்த்துவோம் என்ற அறிவிப்பு நம் நாட்டுக்குப் புதியதன்று.

180 நாட்கள் பணிபுரிந்த தற்காலிக, அமைய ஊழியரை நிரந்தரமாக்குவதற்கு 25/2014ஆம் இலக்கப் பொது நிர்வாகச் சுற்றறிக்கை வழிசெய்தது. நற்காரியமே. அது வெளியானது 2014 நவம்பரில். சனாதிபதித் தேர்தல் நடைபெற்றது 2015 ஜனவரி 8ஆந் திகதி. 2020இல் வழங்கப்பட்ட பட்டதாரிப் பயிலுனர் நியமனங்களும் பொதுத் தேர்தலை முன்னிட்டுத் தேர்தல் ஆணைக்குழுவினால் இடைநிறுத்தப்பட்டு, தேர்தல் முடிந்த பின்னரே தொடர்ந்தன. பெரும்போக நெல்லை விற்றுப் பிள்ளையைப் பட்டதாரியாக்கிய கமக்காரன், மழையைப் பார்த்திருப்பது போலத் தேர்தலையும் பார்த்திருக்க வேண்டுமோ?

வடக்கு கிழக்கின் தொண்டர் ஆசிரியர் கதை இதனினும் கொடியது. யுத்த காலத்தில் ஆசிரியரின்றிக் கிடந்த பாடசாலைகளைப் பூட்டாமற் காத்தவர் இவர்களே. பெயரளவிலான கொடுப்பனவுக்கும், சில இடங்களில் அதுவுமின்றியும் கற்பித்தனர். காலை மணியடித்தது முதல் பாடசாலை கலையும் வரை வகுப்பில் நின்றவரின் உழைப்பு எங்ஙனம் பகுதிநேர உழைப்பாகும்? நிரந்தர ஆசிரியர் கற்பித்த அதே பாடத்தையன்றோ இவர்களும் கற்பித்தனர்!

யுத்தம் ஓய்ந்து, கட்டங்கட்டமாக நியமனம் வழங்க முற்பட்டபோது வரவுப் பதிவேடு எங்கே, சம்பவத்திரட்டுப் புத்தகம் எங்கே என்ற கேள்வி எழுந்தது. பொய்யாகப் பெயர் நுழைத்தோரும் இருந்திருக்கலாம், சரிபார்ப்பதைக் குறைகூறோம். ஆயினும், 2009இல் கூரையையே இழந்த வன்னிப் பாடசாலை பதிவேட்டை எங்ஙனம் காத்திருக்கும்? நியமனம் பெற்றவர்க்கும் கடிதத்தின் திகதியிலிருந்தே சேவைக்காலம் தொடங்குகிறது. நாற்பது வயதைக் கடந்து நிரந்தரமானவரின் ஓய்வூதியக் கணக்கில் அவர் தொண்டராகக் கழித்த ஆண்டுகளுக்கு இடமில்லை.

1958ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் தற்காலிக ஊழியரையும் விட்டுவைக்கவில்லை. அவருக்காகத் தனியார் முதலாளி நூற்றுக்கு 12 வீதம் செலுத்தியே தீரவேண்டும். முதலாளிக்கு நியாயம் போதிக்கும் அரசாங்கம், தன் வாசலில் நிற்பவரைத் தொண்டர் என்றழைத்துத் தப்பித்துக்கொள்கிறது.

2022இன் பொருளாதார வீழ்ச்சியைக் காட்டித் திறைசேரியார் கைவிரிப்பர். புதிதாய் ஆட்சேர்ப்பதற்கு அது தடையாகலாம். ஏற்கெனவே செய்த வேலையின் கடனை மறுப்பதற்கு அது காரணமாகாது. 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தம் கல்வியை மாகாணத்துக்குரிய விடயமாக்கிற்று. ஆனால் ஆளணிக்கு அங்கீகாரமும் அதற்கான பணமும் கொழும்பிலிருந்தே வரவேண்டியிருக்கின்றன.

ஆகவே, சுற்றறிக்கையை விடுத்துச் சட்டம் இயற்றுக என்கிறோம். ஒரே பதவியில் 180 நாட்கள் உழைத்தவர் எவராயினும், தேர்தல் வந்தாலும் வராவிடினும் முழுநேர நியமனத்துக்கு உரித்துடையவராதல் வேண்டும். பதிவேடு அழிந்த இடத்தில் அதிபரின் சத்தியக்கடதாசி ஏற்கப்படல் வேண்டும். தொண்டராக உழைத்த ஆண்டுகள் ஓய்வூதியத்துக்குக் கணக்கிடப்படல் வேண்டும். அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் இதற்கான நிதியை ஒதுக்குமாறு நம் பாராளுமன்றப் பிரதிநிதிகள் கட்சி பேதமின்றிக் கோருவார்களா?