குளவி கொட்டிய மாதத்தில் படித்த மூன்று நாவல்கள்

போன மாதம் மலையில் கொழுந்து எடுக்கும்போது குளவி கொட்டி, மூன்று நாள் ஆஸ்பத்திரியிலும் மற்ற நாட்கள் காம்பராவிலுமாகக் கிடந்தேன். ஏ.எல். படிக்கும் மகள் பாடசாலை நூலகத்திலிருந்து நாவல்களை எடுத்து வந்து தந்தாள். நான் எட்டாம் வகுப்போடு கூடை தூக்கியவள். நமது சங்கப் பத்திரிகையைப் படிப்பேன். ஒரு நாவலை முதலிலிருந்து கடைசிவரை படித்தது இதுதான் முதல் தடவை.

முதலாவது 'எரியும் பனிக்காடு'. பி.எச். டேனியல் இங்கிலீஷில் எழுதி 1969இல் வந்தது. ஆனைமலைத் தோட்டங்களில் டாக்டராக இருந்து, பிறகு அங்கே தொழிற்சங்கம் கட்டியவர் அவர். 'பரதேசி' படம் பார்த்தவர்களுக்குக் கதை தெரிந்திருக்கும். ஆனாலும் புத்தகம் வேறு. கருப்பனும் வள்ளியும் மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு மலை ஏறுகிறார்கள். குளிரும் காய்ச்சலும் சாவும் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. எனக்கு அதைவிட நெஞ்சை அடைத்தது கணக்கு முடிக்கும் இடம். மாடாக உழைத்த பிறகும் கடன் மிச்சம் என்று சொல்கிறார்கள். ஏடு மேஸ்திரி பக்கம். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்க அந்த ஜனங்களுக்கு எழுத்துத் தெரியாது.

இலங்கைக்கு வந்த நம் பாட்டன் பாட்டிமாருக்கும் இதே கதைதான். கங்காணியின் கடனை எழுதிய 'துண்டு' கைமாறினால் ஆட்களும் கூடவே தோட்டம் மாறினார்கள். 1921இல் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள். ஒழிந்துவிட்டது என்றுதான் நானும் இருந்தேன். புத்தகத்தை மூடி வைத்துவிட்டு மகளிடம் என் சம்பளத் துண்டை எடுத்துவரச் சொன்னேன். எல்லாம் இங்கிலீஷ். இருபத்திரண்டு வருஷமாக வாங்கி, கடைசித் தொகையை மட்டும் பார்த்துவிட்டு அலமாரியில் செருகி வைத்திருக்கிறேன். மகள் வரிவரியாகச் சொன்னாள். சேமலாப நிதி தெரிந்தது, சங்கச் சந்தா தெரிந்தது. இரண்டு கழிவுகள் என்னவென்று அவளுக்கும் விளங்கவில்லை. வட்டிக்குக் கடன் கொடுக்க லயத்துக்கு வருகிறவர்கள் நீட்டும் தாளிலும் இப்படித்தானே கையெழுத்துப் போடுகிறோம்?

சி.வி. வேலுப்பிள்ளையின் 'வீடற்றவன்' சின்னப் புத்தகம், இரண்டு நாளில் முடிந்தது. தோட்டத்தில் சங்கம் வைக்கப் பாடுபடுகிறவனின் கதை. வேலை போனால் லயமும் போகும் என்ற பயம் நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1947இல் தலவாக்கலைக்குப் பாராளுமன்ற உறுப்பினராக இருந்தவர், தொழிற்சங்கவாதி, அதனால் பேச்செல்லாம் நம் பேச்சாகவே இருக்கிறது.

மூன்றாவது கார்க்கியின் 'தாய்', ரகுநாதன் மொழிபெயர்ப்பு. ரஷ்யப் பெயர்கள் வாயில் நுழையவில்லை. நீண்ட நீண்ட பேச்சுகள் வரும் இடங்களில் சில பக்கங்களைத் தாண்டினேன், உண்மையைச் சொல்கிறேன். ஆனால் அந்த நீலவ்னா! புருஷனிடம் அடிபட்டே வாழ்ந்தவள். மகனைப் பிடித்துக்கொண்டு போனதும், சாப்பாடு விற்கிறவளாகத் தொழிற்சாலைக்குள் துண்டுப் பிரசுரங்களைக் கொண்டுபோகிறாள். நாற்பது வயதுக்கு மேல் எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள். அந்த இடத்தில் நான் அழுதேன். மகள் பார்த்துச் சிரித்தாள்.

தலைவர் அண்ணன் கோபிக்கக்கூடாது. மலையில் கொழுந்து எடுப்பவர்கள் பெண்கள். மடுவத்தில் கூடைக்கும் தண்ணீருக்கும் என்று கிலோ வெட்டுப்படுவது எங்கள் பேரில். ஆனால் துரையோடு பேசப் போகும்போது கமிட்டி ஆண்கள் உள்ளே போகிறார்கள், மாதர் சங்கத் தலைவியான நான் ஆபீஸ் வாசலில் நிற்கிறேன். என்ன பேசினார்கள் என்று வீடு வந்த பிறகுதான் தெரியும். இதுவும் நாம் பார்க்காத ஏடுதான். அடுத்த பேச்சுவார்த்தைக்கு இரண்டு பெண்களாவது உள்ளே வர வேண்டும் என்று கமிட்டிக் கூட்டத்தில் சொல்லப்போகிறேன். சம்பளத் துண்டு தமிழில் வேண்டும் என்பதையும் கோரிக்கையில் சேர்க்கச் சொல்வேன்.

அதுவரை, வரும் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்குப் பிள்ளை மடுவத்துக்கு எல்லோரும் தங்கள் துண்டுகளோடு வாருங்கள். மகள் வாசிப்பாள். குளவி கொட்டிய நாட்களுக்கு எனக்கு எத்தனை பேர் போட்டிருக்கிறார்கள் என்பதையும் அன்றைக்குப் பார்த்துவிடலாம்.

கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை' நூலகத்தில் இல்லையாம். யாரிடமாவது இருந்தால் கொண்டுவாருங்கள், பத்திரமாகத் திருப்பித் தருவேன்.