செம்பருத்தி டீயும் கரையாத கொழுப்பும்

சித்தப்பா மாத்திரையை நிறுத்திவிட்டார். இதயத்தில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர். நிறுத்தச் சொன்னது மருத்துவர் அல்ல, வாட்ஸ்அப்பில் சுற்றும் ஒரு காணொளி. விடியுமுன் பறித்து, நிழலில் உலர்த்தி, செம்புப் பாத்திரத்தில் கொதிக்கவைத்த செம்பருத்தி டீ ரத்தக் குழாயில் படிந்த கொழுப்பைக் கரைத்து வெளியே தள்ளிவிடுமாம். போன வாரப் பரிசோதனையில் அவருடைய கெட்ட கொழுப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காகியிருந்தது. “பூவைச் சரியான நேரத்தில் பறிக்கவில்லை போலிருக்கு” என்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

பறித்த நேரம் இருக்கட்டும். பறித்தது எந்தச் செடி? இந்த டீயை விற்பவர்கள் ஆதாரமென்று நீட்டும் ஆய்வுகளில் பெரும்பாலானவை நம் வாசலில் பூக்கும் செம்பருத்தியைப் பற்றியவையே அல்ல. அவை புளிச்சகீரைச் செடியைப் பற்றியவை. எகிப்திலும் சூடானிலும் கர்கடே என்றும் மெக்சிகோவில் ஹமைக்கா என்றும் குடிப்பது அதைத்தான். அங்கே இதழை யாரும் பறிப்பதில்லை. இதழ் உதிர்ந்தபின் காயைச் சுற்றிச் சிவப்பாய்ச் சதைபிடித்து நிற்கிறதே புல்லிவட்டம், அதைப் பறித்து உலர்த்துகிறார்கள். செடி வேறு, உறுப்பு வேறு. அந்த ஆய்வுகளிலும் சிலவற்றில் கெட்ட கொழுப்பு கொஞ்சம் குறைந்தது, சிலவற்றில் குறையவில்லை. புளிச்சகீரைக்குக் கிடைத்த அந்த அரைகுறைச் சான்றிதழைத் திருடி, செம்பருத்தி இதழ் பாக்கெட்டில் ஒட்டி விற்கிறார்கள்.

காணொளியில் எலுமிச்சை பிழிந்ததும் டீ பளிச்சென்று சிவக்கிறது. “பார்த்தீர்களா, சத்து இறங்குகிறது!” ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் அமிலம், காரம் கண்டுபிடிக்க இதே செம்பருத்திச் சாற்றைத்தான் பள்ளியில் பயன்படுத்துகிறார்கள். அமிலம் பட்டால் அந்த நிறமி சிவக்கும், அவ்வளவுதான். குடிப்பவரின் ரத்தத்துக்கும் அந்த நிறத்துக்கும் என்ன தொடர்பு?

‘கரைக்கும்’ என்பதே பொய். ரத்தக் குழாயில் படிவது அடுப்புத் திட்டில் ஒட்டிய எண்ணெய்ப் பிசுக்கு அல்ல, வெந்நீர் ஊற்றிக் கழுவ. அது குழாய்ச் சுவரின் உட்தோலுக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறது. உடம்பிலுள்ள கொலஸ்டிராலில் பெரும்பங்கு உடம்பே தயாரிப்பது, அதில் கல்லீரலின் பங்கு பெரிது. சித்தப்பா நிறுத்திய ஸ்டேட்டின் மாத்திரை அந்தத் தயாரிப்பைக் குறைக்கிறது. அதனால் கல்லீரல் ரத்தத்திலிருக்கும் கெட்ட கொழுப்பை அதிகமாய் இழுத்துக்கொள்கிறது. 1994-இல் வெளியான ஸ்காண்டிநேவிய ஆய்வில் 4,444 இதய நோயாளிகள் பங்கேற்றார்கள். மாத்திரை எடுத்தவர்களில் மரணம் சுமார் 30 சதவீதம் குறைந்தது. எந்தப் பூவின் டீ இப்படி உயிரைக் காப்பாற்றிக் காட்டியிருக்கிறது?

“அது கெமிக்கல், இது இயற்கை” என்பார்கள். முதல் ஸ்டேட்டினை அகிரா எண்டோ 1970-களில் ஜப்பானில் கண்டுபிடித்தது ஒரு பூஞ்சையிலிருந்து. பூஞ்சை இயற்கை இல்லையா? தசைவலி வந்தால் மருத்துவரிடம் சொன்னால் அளவை மாற்றுவார், வேறு மாத்திரை தருவார். அதைக் கேட்க வாயில்லை, மாத்திரையைக் குப்பையில் போட மட்டும் கை நீள்கிறது.

இதற்குச் சித்த மருத்துவத்தின் பெயரை இழுப்பது அதைவிடக் கொடுமை. பாளையங்கோட்டையில் ஐந்தரை ஆண்டு படித்து வெளிவரும் சித்த மருத்துவர் நோயாளியின் நாடி பார்ப்பார், என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்பார். கேமரா முன்னால் செம்புச் சொம்போடு நிற்பவர் யாரைப் பார்த்தார்? பயிறு விற்கவும் பப்படம் விற்கவும் வாங்கும் அதே உணவு உரிமத்தை வைத்துக்கொண்டு இதய நோய்க்கு மருந்து சொல்கிறார். இதய நோயைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. பாக்கெட்டின் முன்பக்கம் ‘அடைப்பு நீங்கும்’ என்று கொட்டை எழுத்து, பின்பக்கம் ‘இது மருந்தல்ல’ என்று எறும்பு எழுத்து. மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் கடைக்குள் நுழைந்து முன்பக்கத்தைப் படித்தாலே போதும், அந்தப் பாக்கெட்டுகளை அள்ளிக்கொண்டு போக.