பாட்டில் வருமுன் மண்ணைச் சோதித்துச் சொல்லுங்கள்!



மண்ணிலுள்ள கன உலோகம் செடிக்குள் ஏறாமல் நானோ சிலிக்கான் தடுக்கும் என்று விஞ்ஞானிகள் சொல்லி வருகிறார்கள். இது வெறும் கட்டுக்கதை அல்ல. மணலிலும் உமிச்சாம்பலிலும் இருக்கிற அதே சிலிக்காதான். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறு போட்டால் ஒரு கூறுதான் ஒரு நானோமீட்டர். அந்தக் கணக்கில் நூறுக்குள் அடங்கும் பொடி. வேரிலும் செல் சுவரிலும் படிந்து, காட்மியம் போன்ற உலோகத்தை அங்கேயே பிடித்து வைக்கிறது. நெல்லில், கோதுமையில் பார்த்திருக்கிறார்கள். ஆனால் நெல் சிலிக்காவை அள்ளிக் குடிக்கிற பயிர். தேயிலை அப்படியா?

நம் மண்ணுக்கு உலோகம் எப்படி வந்தது என்பதையும் பேச வேண்டும். 1946-ல் தென்னிந்தியத் தேயிலைக்குக் கொப்புள நோய் வந்தது. அதற்குப் பின்னாளில் நமக்குச் சொல்லப்பட்ட சிபாரிசு என்ன? ஹெக்டேருக்கு காப்பர் ஆக்சிகுளோரைடு 210 கிராம், நிக்கல் குளோரைடு 210 கிராம்; ஜூன் முதல் செப்டம்பர் வரை 5 நாளுக்கு ஒரு தடவை. அப்படியே அடித்தவர் தோட்டத்தில் அந்த நாலு மாதத்தில் மட்டும் ஒவ்வொன்றிலும் 5 கிலோ விழுந்திருக்கும். பூச்சிமருந்து நாளடைவில் சிதைந்து போகும், உலோகம் சிதையாது. புளிப்பு மண்ணில் அது இன்னும் சுலபமாகக் கரைந்து வேருக்குப் போகும். நம்முடையதோ புளிப்பு மண்.

சரி, இன்று நம் தோட்டத்தில் எவ்வளவு நிக்கல் இருக்கிறது? யாரும் அளந்து சொன்னதில்லை. 2015-ல் வந்த மண்வள அட்டையில் 12 விஷயம் பார்க்கிறார்கள். அதில் தாமிரம் உண்டு. அதுவும் சத்து குறைகிறதா என்று பார்க்கத்தான். நிக்கல், ஈயம், காட்மியம் மூன்றும் அந்த அட்டையிலேயே இல்லை. நோய் என்னவென்று பார்க்காமலே மருந்து விற்பதா?

இன்னொன்றும் கவனியுங்கள். சிலிக்கான் உலோகத்தை மண்ணிலிருந்து எடுத்துவிடாது, செடிக்குள் ஏறுவதைக் குறைக்கும், அவ்வளவுதான். உலோகம் அங்கேயே கிடக்கும். அப்படியானால் வருடா வருடம் பாட்டில் வாங்க வேண்டியவர் யார்? 2021-ல் நானோ யூரியா வந்தபிறகு, மூட்டை வேண்டுமென்றால் பாட்டிலும் எடு என்று கட்டாயப்படுத்திய கடைகளை நாம் மறக்கவில்லை. பச்சைத் தேயிலை விலைக்கே மல்லுக்கட்டும் நம் தலையில் இதுவும் ஏறக்கூடாது.

ஆகவே தேயிலை வாரியத்தையும் தோட்டக்கலைத் துறையையும் கேட்கிறோம்: சிறு விவசாயிகளின் மண்ணில் தாமிரம், நிக்கல், ஈயம், காட்மியம் நான்கையும் இலவசமாகச் சோதித்து, முடிவை ஊர் ஊராக எழுதி ஒட்டுங்கள். கோத்தகிரியிலும் குந்தாவிலும் கூடலூரிலும் நம் தோட்டங்களிலேயே, நாம் பார்க்க, நானோ சிலிக்கானைச் சோதனை செய்யுங்கள். பக்கத்துப் பாத்தியில் சாதாரண உமிச்சாம்பலையும் வைத்துப் பாருங்கள். எது நின்று பலன் தருகிறதோ அதை மானியத்தில் கொடுங்கள். (அதற்குள் நம்மவர் யாரும் சாம்பலை மூட்டை மூட்டையாகக் கொட்டிவிட வேண்டாம். மண்ணின் புளிப்பு ஓரளவுக்கு மேல் குறைந்தால் தேயிலை தாங்காது.)

அடுத்த கிளைக் கூட்டத்துக்கு வரும்போது தோட்டத்தில் நாலைந்து இடத்தில் எடுத்துக் கலந்த மண் அரைக் கிலோ, துணிப்பையில் கொண்டுவாருங்கள். எந்த வருடம் என்ன மருந்து அடித்தீர்கள் என்று ஞாபகம் உள்ளவரை ஒரு தாளில் எழுதி உள்ளே வையுங்கள். மனுவோடு அந்தப் பைகளையும் சேர்த்தே அதிகாரிகளின் மேஜையில் வைப்போம்.