அறிவு வெளியூரிலிருந்து வர வேண்டுமாம்

காஞ்சிபுரம் முன்னேற வேண்டுமானால் ஐ.டி. பூங்கா வர வேண்டும், படைப்பாற்றல் உள்ளவர்கள் வந்து குடியேற வேண்டும் என்கிறார்கள். படைப்பாற்றல் உள்ளவர்களே நகரத்தை வளர்க்கிறார்கள் என்று சொல்லும் ரிச்சர்ட் ஃபுளோரிடாவின் புத்தகம் 2002-இல் வந்ததிலிருந்து நகர வளர்ச்சி பேசுகிறவர்களுக்கு இது வேதவாக்கு. அவர் கணக்கில் மென்பொருள் எழுதுகிறவர் படைப்பாளி, தறிக்காரர் வெறும் தொழிலாளி.

நெசவு கைவேலைதானே என்பவர்கள் பிள்ளையார்பாளையத்தில் ஒரு கோர்வைத் தறி முன்னால் பத்து நிமிடம் நின்று பார்க்கட்டும். உடல் அரக்கு, கரை பச்சை. உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் தனித்தனி நாடா. மறு கரை நாடாவைத் தள்ள இன்னொரு ஆள். ஒவ்வொரு ஓட்டத்திலும் கரை ஊடையும் உடல் ஊடையும் கொக்கி போட்டுக்கொள்ள வேண்டும். ஒன்று தப்பினால் கரையின் கோபுர முனை கோணும், பிரித்துத்தான் ஆக வேண்டும். தலைக்கு மேலே ஜக்கார்டு அட்டை. ஓட்டை இருந்தால் இழை எழும், இல்லாவிட்டால் எழாது. கணினியின் முன்னோடி என்று கல்லூரியில் சொல்லித்தருவது இதைத்தான்!

பட்டு நூல் கர்நாடகத்திலிருந்து வருகிறது, சரிகை சூரத்திலிருந்து. இந்த ஊர் தன் பங்குக்குச் சேர்ப்பது அறிவு ஒன்றைத்தான்.

தறிக்காரர்கள் புதிதாக எதையும் ஏற்காமல் பழையதையே நெய்கிறார்களாம். அவர்கள் தறியில் ஏற்றிக்கொண்ட ஜக்கார்டே பிரான்சிலிருந்து வந்ததுதானே?

ஸ்ரீபெரும்புதூர் ஆலைகள்தான் வட்டாரத்தைத் தூக்கின என்பதில் பாதி உண்மை. 2006-இல் நோக்கியா அங்கே தொடங்கியது, 2014-இல் மூடியது. ஆயிரக்கணக்கானோருக்கு வேலை போயிற்று. தறி அறிவோ முதலாளி மாறினாலும் ஊரைவிட்டுப் போனதில்லை.

ஆனாலும் நெசவாளர் மகன் விடியற்காலையில் ஒரகடம் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்பதைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அங்கே மாதச் சம்பளம், பி.எஃப். தறியிலோ சேலைக் கணக்கில் கூலி. அறுந்த இழையைத் தேடிய நேரத்துக்குக் காசு இல்லை. புவிசார் குறியீடு காஞ்சிப் பட்டின் பெயரைக் காக்கிறது, நெய்கிறவரின் கூலியை அல்ல. மறு கரைக்கு நாடா தள்ள ஆள் கிடைக்காமல், கோர்வையை விட்டு ஒற்றை நாடாச் சேலைக்கு மாறும் வீடுகள் கூடிக்கொண்டே போகின்றன.