பூவைப் பார்க்குமுன் வேரைப் பார்ப்போம்

2023 ஒக்டோபர் 6ஆம் திகதி காலை, கொழும்பு கொள்ளுப்பிட்டியில் சென்றுகொண்டிருந்த பேருந்தின் மீது மரமொன்று சரிந்தது. ஐவர் உயிரிழந்தனர். வீதியோர மரங்களையெல்லாம் தறித்துவிட வேண்டும் என்று அதன்பின் நண்பர்கள் பலரும் சொல்லக் கேட்டேன். அதில் எனக்கு உடன்பாடில்லை.

வீதியை அகலமாக்குகையில் வேரை அறுக்கிறோம். குழாய் பதிக்க மறுபக்க வேரையும் அறுக்கிறோம். எஞ்சிய மண்ணைக் கொங்கிறீற்றால் மூடுகிறோம். பிறகு, காற்றில் சரிந்த மரத்தின் மீது பழி சுமத்துகிறோம்.

தவறு நடும் நாளிலேயே தொடங்கிவிடுகிறது. பூவின் நிறத்தை மட்டும் பார்த்துத் தெரிவு செய்கிறோம். குடையாய் விரியும் மாரா மரத்துக்குப் பெரும் வெளி வேண்டும்; ஒடுங்கிய நடைபாதை அதற்குரிய இடமன்று. மே மரத்தின் கிளைகள் எளிதில் முறிபவை. றொபரோசியாவின் இளஞ்சிவப்பு கண்ணுக்கு விருந்துதான். ஆனால் வெயில் கொளுத்தும் மாதங்களில் இலையுதிர்த்தே அது பூக்கிறது. கொன்றையும் அவ்வாறே. பேருந்துக்குக் காத்துநிற்கும் மூதாட்டிக்கு வேண்டியது நிழல்.

யாழ்ப்பாணத்து வேலிகளில் நாம் கண்டு வளர்ந்த பூவரசை ஏன் மறந்தோம்? காலையில் மஞ்சளாய் மலர்ந்து மாலையில் சிவக்கும் பூ, ஆண்டு முழுவதும் இலை, கடற்காற்றுக்கும் ஈடுகொடுக்கும். மின்கம்பிகளின் கீழ் செவ்வரத்தையும் நந்தியாவட்டையும் போதுமே.

மரம் நடுபவர் தனது ஆயுளுக்கு அப்பாலும் கணக்கிட வேண்டும். நடும் விழாவில் எடுக்கும் புகைப்படத்துக்கு அந்தக் கணக்குத் தெரியாது.