கன்சோல் வாங்கப் போறீங்களா... பெட்டி விலையை மட்டும் பார்க்காதீங்க!

புது கேம் கன்சோல் வந்தாலே ‘கிராஃபிக்ஸ் எப்படி?’ என்பதுதான் முதல் கேள்வி. ஆனால், வாங்கிய பிறகு பர்ஸைப் பதம் பார்ப்பது ஸ்டோரேஜ்!

2020-ல் வந்த முதல் பிளேஸ்டேஷன் 5-ல் 825 ஜிபி. சிஸ்டம் எடுத்தது போக கேம்களுக்கு மிஞ்சுவது சுமார் 667 ஜிபிதான். 100 ஜிபி கேம்கள் ஆறு போட்டாலே ஹவுஸ்ஃபுல்! ஆறுதல் என்னன்னா, கம்ப்யூட்டருக்கு விற்கும் வேகமான எம்.2 எஸ்.எஸ்.டி-யை நாமே வாங்கி மாட்டிக்கலாம். எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், எஸ் இரண்டிலும் அதற்கென்றே தயாரித்த கார்டுதான் போடணும். யு.எஸ்.பி டிரைவில் புது கேமைச் சேமிக்கலாம். அதிலிருந்து ஆட முடியாது.

2025 ஜூனில் வந்த நின்டெண்டோ ஸ்விட்ச் 2-ல் 256 ஜிபி. கூடுதல் இடத்துக்கு, போனில் போட்டிருந்த பழைய மைக்ரோ எஸ்டி கார்டு உதவாது. மைக்ரோ எஸ்டி எக்ஸ்பிரஸ் வேணும்.

டிஸ்ப்ளேவிலும் இதே கதைதான். ஸ்விட்ச் 2-ல் 7.9 இன்ச், 1080பி, 120 ஹெர்ட்ஸ். ஆனால், அது எல்.சி.டி. பழைய ஸ்விட்ச் ஓ.எல்.இ.டி-யின் திரை 720பி-தான் என்றாலும், கறுப்பு நிஜக் கறுப்பாகத் தெரியும். பிளேஸ்டேஷனில் 4கே-வை 120 ஹெர்ட்ஸில் பார்க்க, டிவி-யில் ஹெச்.டி.எம்.ஐ 2.1 இருக்கணும்.

‘இடம் இல்லைன்னா அழிச்சிட்டு, மறுபடி டவுன்லோடு பண்ணிக்கலாம்’ என்கிறீர்களா? தினம் 2 ஜிபி மொபைல் டேட்டாவில் 100 ஜிபி கேம் இறங்க 50 நாள் ஆகும்! வீட்டில் வைஃபை இல்லாதவர்கள் கன்சோல் பட்ஜெட்டிலேயே ஸ்டோரேஜுக்கும் பணம் ஒதுக்கிடுங்க. ஒன்றிரண்டு கேம்களையே திரும்பத் திரும்ப ஆடுபவரா? உள்ளே இருக்கும் இடமே போதும் பாஸ்!